ஹகாரியோனின் இடது முட்டி

1

இது ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. தெரிந்த பத்திரிகை ஆசிரியர் ஒருவர் போனில் கேட்டிருந்தார்: "ஹகாரியோன்னு ஒரு ராட்சத ரோபோ கதை ஜப்பான்லேர்ந்து நாப்பது வருஷமா வந்துகிட்டே இருக்காமே. படக்கதை, டிவி தொடர், சினிமா, திரும்பவும் தொடர்னு ஏகப்பட்டது கிடக்கு. புதுசா பாக்க வர்றவங்க எங்கேர்ந்து ஆரம்பிக்கணும், எதை விட்டுடலாம்னு ஒரு வழிகாட்டி எழுதித் தாங்க. புதுத் தொடருக்குத் தமிழ் வசனம் நீங்கதானே?"

நான்தான். பெயர் கிருஷ்ணப்பிரியா. தென்காசிப் பக்கம் பிறந்து, வேலைக்காகச் சென்னை வந்து, இப்போது வானகரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். ஐ.டி. கம்பெனியில் இருந்தேன். அதை விட்டுவிட்டு வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறேன்.

வழிகாட்டியின் முதல் பத்தியிலேயே கோமளாக்கா வந்துவிட்டார். அடித்தேன். அடுத்த பத்தியில் மறுபடி வந்து நின்றார். எந்தத் தொடரை முதலில் பார்ப்பது என்று சொல்லும் கட்டுரையில், திருமுல்லைவாயிலைச் சேர்ந்த ஒரு டப்பிங் கலைஞருக்கு என்ன வேலை? இன்னொரு தடவை எழுதிப் பார்த்தேன். அந்தத் தடவை அவரை வைத்துக்கொண்டு கட்டுரையை அடித்தேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இதை நான் பெருமையில் எழுதுகிறேன். அடக்கமாக எழுதிய ஒரு வரைவும் என்னிடம் இருந்தது. திரும்பப் படித்தபோது, பரிசு வாங்கிய பிள்ளை பரிசை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நிற்பது போல இருந்தது.

எழுதியதைக் கோமளாக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். சதுர அடைப்புக்குள் வருவதெல்லாம் அவர் ஓரத்தில் பென்சிலால் எழுதியவை.

[கோமளா: நான் எழுதுறத அடிக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் எழுதுனேன். அதையும் போடு.]

2

ஆசிரியருக்குக் கொடுத்த வாக்கில் பாதியையாவது இங்கே காப்பாற்றிவிடுகிறேன்.

ஹகாரியோன் சண்டைக்காகச் செய்யப்பட்டதல்ல. துறைமுகத்தில் கப்பல்களைத் தூக்கி நிறுத்திப் பழுதுபார்க்கச் செய்த இயந்திரம். கடலுக்குள்ளிருந்து எதிரிகள் வந்தபோது ராணுவம் அதை எடுத்துக்கொண்டது. அதன் நெஞ்சுக்குள் உட்கார்ந்து ஓட்டுகிறவன் ரெய் என்ற பையன். அதன் காலடியில் கிடந்து இடது முட்டியைப் பார்த்துக்கொள்கிறவள் தோமெ. துறைமுகத்துக் குடிசைகளில் பிறந்து வளர்ந்த மெக்கானிக்.

எந்தத் தழுவலை எடுத்தாலும் ரெய் ஒரே மாதிரிதான் இருப்பான். ரோபோவுக்கு நிறம் மாறும், தோள் அகலமாகும், அவ்வளவுதான். தோமெ என்ன ஆனாள் என்று பார்த்தால்தான் நாம் எந்த ஹகாரியோனுக்குள் இருக்கிறோம் என்று தெரியும்.

மூலப் படக்கதையில் அவள் துறைமுகத்துப் பேச்சு பேசுவாள். ராணுவ அதிகாரிகள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவள் மாற்றிக்கொள்ள மாட்டாள். ரெய் அடிபட்டுக் கிடக்கும் ஒரு நாளில் அவளே மேலே ஏறி ரோபோவை நடத்துவாள். முதல் டிவி தொடரில் அவளை ஆணாக்கிவிட்டார்கள். தடுக்கி விழுந்து, எண்ணெய் டப்பாவைத் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் குண்டு மனிதன். பிறகு வந்த மூன்று சினிமாக்களில் திரும்பவும் பெண். ஆனால் முதல் படத்தில் தொடக்கப் பெயர்கள் ஓடி முடிவதற்குள் செத்துப்போவாள். அதற்கடுத்த தொடரில் அவள் கிடையாது. முட்டியை ஓர் எந்திரக் கை பார்த்துக்கொள்ளும். இப்போது வந்திருக்கும் புதுத் தொடரில் அவள்தான் கதாநாயகி.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது: படக்கதையின் முதல் ஆறு தொகுதிகள், அங்கிருந்து நேராகப் புதுத் தொடர். சினிமாக்களை மழை நாளில் பார்க்கலாம். பழைய டிவி தொடரை விட்டுவிடச் சொல்லமாட்டேன்.* அதன் தமிழ் டப்பிங்கில் ரெய்யின் குரலைக் கேளுங்கள். அது கோமளாக்கா. கல்லூரி முடித்த புதிது அவருக்கு.

(* இருபது வருஷம் முன்பு ஒரு குழந்தைகள் சேனலில் வந்தது. அதில் ஹகாரியோனுக்கு "எஃகன்" என்று தமிழ்ப் பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் தெருவில் யாருக்கும் அந்த ஆய்த எழுத்து வாயில் வராது. "எக்கன்" என்போம். அதற்குப் பயந்த என் தம்பி கட்டிலுக்கடியில் இருந்து பார்ப்பான்.)

3

கதையை எங்கிருந்து தொடங்குவது என்பதில் எனக்கும் அதே குழப்பம் வந்தது. சில தொடக்கங்கள்:

அம்பத்தூரில் டைல்ஸ் கடை ஒன்றின் மேல்மாடியில் இருக்கும் அந்த ஒலிப்பதிவுக்கூடத்தின் கதவைத் திறந்தால் முதலில் வருவது—

(டைல்ஸ் கடையை விவரிக்கத் தொடங்கினால் அங்கேயே நின்றுவிடுவேன். வேண்டாம்.)

கோமளா தன் வாழ்க்கையில் ஒருமுறைகூடத் தன் சொந்தக் குரலில்—

[கோமளா: இது இன்னா, சோகப் படமா? தூக்கு.]

தூக்கிவிட்டேன். நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

ஒலிப்பதிவுக்கூடம் நடேசன் சாருடையது. சாலிகிராமத்தில் இருந்தவர், இடம் பெரிதாக வேண்டுமென்று அம்பத்தூருக்கு மாறி வந்தார். புதுத் தொடரின் தமிழ் வேலை அவருக்குக் கிடைத்தது. வசனம் எழுத என்னைக் கூப்பிட்டார். தோமெக்குக் குரல் கொடுக்கக் கோமளாக்காவை வைத்தார். ரெய்யாகப் பேசியவரே தோமெயாகவும் பேசினால் பழைய ரசிகர்கள் சந்தோஷப்படுவார்கள் என்று அவருக்கு ஒரு கணக்கு.

கோமளாக்காவுக்கு அது பெரிய விஷயம். ரெய்க்குப் பிறகு அவருக்கு வந்ததெல்லாம் கதாநாயகியின் தோழி, அண்ணி, பக்கத்து வீட்டுப் பெண், பேசும் அணில். பெண் பாத்திரமாக ஒரு கதையை முழுக்கத் தோளில் தூக்குவது இதுதான் முதல் தடவை. மைக் முன்னால் அவர் உச்சரிப்பைக் கேட்டால் ழகரத்துக்குச் சிலை வைக்கத் தோன்றும். டீ குடிக்கும்போதும் அப்படித்தான் பேசுவார். "பிரியா, கொஞ்சம் சர்க்கரை குறைவாகப் போடச் சொல்கிறாயா?" அவருக்கு எந்த ஊர் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. செய்தி வாசிப்பவர்களுக்கு ஊர் உண்டா என்ன?

நான் தோமெயின் வசனத்தை முதலில் எல்லோருக்கும் பொதுவான தமிழில்தான் எழுதினேன். "இந்த இயந்திரத்தின் இடது முழங்காலை நான்தான் உருவாக்கினேன்." சரியான தமிழ். பிழை இல்லை. ஆனால் திரையில் தோமெயின் வாய் படக்கென்று திறந்து மூடிவிடும். என் வாக்கியம் பாதியில் நிற்கும்போதே அவள் பேசி முடித்துவிட்டு ஸ்பானரைத் தேடிக்கொண்டிருப்பாள்.

அப்போதுதான் மூலப் படக்கதையைத் தேடிப் பிடித்து, ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன். அவள் துறைமுகத்துப் பேச்சு பேசுகிறாள் என்பதே அதில்தான் தெரிந்தது. புதுத் தொடரின் ஜப்பானியக் குரலைத் திரும்பக் கேட்டேன். மொழி புரியாவிட்டாலும், மற்றவர்கள் பேசுவதும் இவள் பேசுவதும் வேறு வேறு என்பது காதுக்குத் தெரிந்தது. துறைமுகம், குடிசை, பட்டறை. நமக்கு அது மெட்ராஸ் தமிழ்தானே என்று தோன்றியது. முதலில், தோமெயை அதிகாரிகள் விசாரிக்கும் நாலாம் பாகத்தை உட்கார்ந்து மாற்றி எழுதினேன். எழுதி முடித்தபோது என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

4

கோமளாக்கா புதுப் பக்கங்களை நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து மறுபடி படித்தார். பேப்பரைத் திருப்பி என் மடியில் வைத்தார்.

"இதை நான் பேச மாட்டேன், பிரியா."

"ஏங்க்கா? தோமெ அப்படித்தான் பேசுறா. மூலத்துலயே—"

"'ஸோக்கா கீது மாமே. டபாய்க்காத நைனா. பேஜார் பண்ணாத.' இதை யார் பேசுகிறார்கள்? எந்த வீட்டில்?"

"மெட்ராஸ்ல..."

"சினிமாவில்" என்றார். குரல் உயரவில்லை. "இருபது வருஷத்துக்கு முன்பு அந்தக் குண்டு மனிதனுக்கு இதைத்தான் எழுதினார்கள். அவர் வாயைத் திறந்தாலே கூடமே சிரிக்கும். நான் பக்கத்து மைக்கில் ரெய்யாகச் செந்தமிழ் பேசிக்கொண்டிருப்பேன். ஒருநாள் டீ இடைவேளையில் வாய் தவறி எங்கூட்டுப் பேச்சு பேசிட்டேன். 'அட, இந்தப் பொண்ணையே தோமெக்குப் போட்டிருக்கலாமே'ன்னு ஒருத்தர் சொன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

அவர் தமிழ் நடுவில் மாறியதை நான் கவனித்தேன். அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை.

"எங்கக்கா உங்க வீடு?"

"திருமுல்லவாயலு. பொறந்ததுலேர்ந்து. இன்னா இப்ப?"

பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் அந்தப் பக்கங்களை எடுத்துப் பார்த்தேன். நான்கு சொற்களைத் தூவி, மீதியைப் பொதுத் தமிழில் விட்டிருந்தேன். மிக்ஸரில் வேர்க்கடலை போடுகிற மாதிரி.

5

இந்த இடத்தில் நடேசன் சாரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. முந்தைய வரைவில் அவரைத் தடையாக நிற்கிற ஆளாக எழுதியிருந்தேன். பெரிய மேசை கொடுத்து, அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்க்க வைத்தேன். கதைக்கு வசதியாகத்தான் இருந்தது. ஆனால் அவரிடம் அப்படி ஒரு மேசை கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலியில் மடிக்கணினியை மடியிலேயே வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறவர்.

அவர் உண்மையில் சொன்னது இது: "பிரியா, அந்தத் தமிழ் மேல எனக்கு என்ன கோவம்? நம்ம ஆளுங்க காது பழகியிருக்கு. அந்தப் பேச்சு வந்தா சிரிக்கணும்னு பழகியிருக்கு. கதாநாயகி உயிரைக் கொடுத்துப் பேசறப்போ ஜனங்க சிரிச்சா, கோமளாவுக்குத்தானே அவமானம்? அதுக்கு நான் இடம் கொடுக்கணுமா?"

இப்போதும் அதை எளிதாகத் தள்ளிவிட முடியும் என்று நினைக்கவில்லை. அவரைத் தடையாக எழுதிய வரைவைக் கிழித்தேன்.

[கோமளா: அவரு நல்ல மனுசன். ஆனா ஏசி போட மாட்டாரு. அதையும் எழுது.]

6

மறுநாள் மதியம் படக்கதைத் தொகுதிகளை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு திருமுல்லைவாயிலுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கவா, வாதாடவா என்று எனக்கே தெளிவில்லை. ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் வீடு. ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்தின் நெல்வயலாக இருந்த இடத்தில் இப்போது மூன்று அடுக்குமாடிகள். அவற்றுக்கு நடுவில் ஓட்டு வீடும் வேப்பமரமும் ஒரு பசுமாடும் இருந்தன.

கோமளாக்கா கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, பையைப் பார்த்தார். "உள்ள வா" என்றார். கூடத்தில் அவருடைய அப்பா ஜம்புலிங்கம் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஆவடி டாங்கி தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விவசாயத்தையும் விடாமல், ஷிப்ட் முடிந்து வந்து தண்ணீர் பாய்ச்சியவர். என்னிடம் தலையாட்டிவிட்டுப் பேப்பருக்குத் திரும்பினார்.

நான் வாதாடவில்லை. தோமெ விசாரணை அறையில் நிற்கும் பக்கத்தைத் திறந்து கோமளாக்கா கையில் கொடுத்தேன். "என் தமிழ் தப்புக்கா. இவளும் தப்பான்னு மட்டும் பாருங்க."

அவர் படிக்க ஆரம்பித்தார். இத்தனை வருஷத்தில் மூலத்தை அவர் பார்த்ததே இல்லையாம். ரெய்க்குக் கொடுத்த பக்கங்களைப் பேசினார், அவ்வளவுதான். நான் தண்ணீர் குடித்தேன். மாடு கத்தியது. அவர் பக்கத்தைத் திருப்பவில்லை. திருப்பினார். திரும்பவும் பின்னால் போனார்.

ஜம்புலிங்கம் பேப்பருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா அது, பொம்ம புக்கு? இவ்ளோ பெரிய உருப்படி. இவ எதுக்கு அதுங் கால்கிட்ட படுத்துகினு கீறா?"

கோமளாக்கா சொல்லத் தொடங்கினார்.

அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பல தடவை முயன்றுவிட்டேன். ஒலிப்பதிவுக் கருவி என்னிடம் இல்லை, இருந்திருந்தாலும் போட்டிருக்க மாட்டேன். நினைவில் நிற்பது இவ்வளவுதான்:

"இது கப்பல் தூக்குற மிசினு, நைனா. மிலிட்டரிக்காரனுங்க இஸ்துகினு வந்துட்டாங்க. மொத்த வெயிட்டும் எடது முட்டிலதான் வுயும். அந்த முட்டிய இவதான் பாத்துக்கறா. ஓட்ற பையனுக்குப் பேரு, மெடலு, அல்லாம் கீது. இவ பேரு ஒருத்தனுக்கும் தெரியாது. ஒரு நாளு அந்த முட்டி ஒடஞ்சி, ஓட்ற பையன் அடிபட்டுக் கெடக்கறான். இவளக் கூப்ட்டு வச்சி வெசாரிக்கறாங்க. இவ வாயத் தொறந்து ரெண்டு வார்த்த பேசறா. அல்லாரும் சிரிக்கறானுங்க."

"எதுக்கு?"

"இவ பேசறது குடிசப் பேச்சாம்."

"சர்தான்." ஜம்புலிங்கம் பேப்பரை மடித்து ஓரமாக வைத்தார். "அப்பால?"

"அப்பால இவ நின்னுகினே கீறா. அவனுங்க சிரிச்சி முடிக்கட்டும்னு."

"அய்வலியா?"

"அய்வல, நைனா. சிரிச்சாச்சான்னு கேக்கறா."

அவர் சொல்லச் சொல்ல நான் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒலிப்பதிவுக்கூடத்தில் நான் கேட்டுப் பழகிய குரல் தொண்டையின் மேல்பக்கத்திலிருந்து வரும். இது அடியிலிருந்து வந்தது. வேகமாக, ழகரத்தை யகரமாக்கி, பாதிச் சொல்லை விழுங்கி, நிற்க வேண்டிய இடத்தில் நின்று. ஒரு "மாமே" இல்லை. ஒரு "ஸோக்கு" இல்லை. ஹகாரியோனுக்குப் படக்கதை, தொடர், சினிமா, மறு தொடர் என்று எத்தனையோ தழுவல்கள் உண்டு என்றேன் அல்லவா? எந்தப் பட்டியலிலும் சேராத ஒன்று அந்த மதியம் ஓட்டு வீட்டில் நடந்தது. பார்வையாளர்கள் நானும் ஜம்புலிங்கமும்.

கதை முடிந்ததும் ஜம்புலிங்கம் கேட்டார்: "இத்தத்தான் நீ டிவில பேசப் போறியா?"

கோமளாக்கா என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"ஆமா, நைனா" என்றார். "இத்தத்தான்."

அன்று மாலை வரை நாங்கள் இருவரும் நாலாம் பாகத்தை வரி வரியாக மாற்றினோம். அவர் சொல்வார், நான் உதட்டசைவுக்கு அளப்பேன். நீண்டுபோகும் இடத்தில் சண்டை போட்டோம். "முழங்கால்" என்ற இடத்தில் "முட்டி" என்று போட்டதும் தோமெயின் வாயும் சொல்லும் ஒன்றாக முடிந்தன. ஒரு வரியில் நான் ஜெயித்தேன், மூன்றில் அவர்.

[கோமளா: அஞ்சுல.]

7

நடேசன் சார் நாலாம் பாகத்தை இரண்டு விதமாகவும் பதிவு செய்யலாம் என்றார். வேலையைக் கொடுத்த மும்பை நிறுவனம் பார்வையாளர்களிடம் போட்டுக் காட்டி முடிவெடுக்கட்டும். கோமளாக்கா பொதுத் தமிழில் பேச மறுத்தார்.

"இத்த பேசிட்டு அப்பால அத்த பேச என்னால ஆவாது, சார். அதான் வேணும்னா வேற ஆள வச்சிக்கோங்க. நான் கோச்சிக்க மாட்டேன்."

நடேசன் சார் பொதுத் தமிழ் வடிவத்துக்கு வேறொரு பெண்ணைக் கூப்பிட்டார். அந்தப் பெண்ணும் நன்றாகவே பேசினாள். அதுதான் பயமாக இருந்தது. கோமளாக்கா தன் ஒரே கதாநாயகி வேடத்தைப் பணயம் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரி. அங்கே ஜப்பானிய அனிமேஷன் பார்க்கிற மாணவர்களின் மன்றம் ஒன்று உண்டு. அவர்களுக்குப் போட்டுக் காட்ட ஏற்பாடானது. முதலில் கோமளாக்கா பேசிய வடிவம். அரங்கம் நிறைந்திருந்தது. கடைசிக்கு முந்தின வரிசையில் நானும் கோமளாக்காவும் உட்கார்ந்தோம். அவர் நாற்காலியின் எழுதுபலகையை மடித்து, திரும்ப நீட்டி, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

திரையில் விசாரணை அறை. நீளமான மேசைக்குப் பின்னால் அதிகாரிகள். நடுவில், எண்ணெய்க் கறையோடு தோமெ. வாயைத் திறந்தாள்.

"இன்னா கேக்கணுமோ கேளுங்க. சொல்லத்தான் வந்துகீறேன்."

எங்களுக்குப் பின்னால் ஒருவன் குபீரென்று சிரித்தான். அடுத்து அவன் பக்கத்திலிருந்தவன். பிறகு அரங்கம் முழுக்கச் சிரித்தது.

நடேசன் சார் சொன்னது நடந்துவிட்டது. கோமளாக்காவின் கை பலகையின் விளிம்பைப் பிடித்திருந்தது. நான் அவரைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

அப்போது திரையில் அதிகாரிகளும் சிரிக்கத் தொடங்கினார்கள். கதையில் அவர்கள் சிரிக்க வேண்டிய இடம் அது. அரங்கத்துச் சிரிப்பும் திரைச் சிரிப்பும் ஒன்றாகக் கலந்து, எது யாருடையது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் ஓடியது. காட்சி அதிகாரிகளிடம் போகவில்லை. தோமெயின் முகத்திலேயே நின்றது. அவள் காத்திருந்தாள். திரையில் சிரிப்பு நின்றுபோனது. அரங்கத்தில் மட்டும் இன்னும் கேட்டது. தோமெ நேராக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் சிரிப்பு அடங்கியது. நடுவில் அடங்கியது. எங்களுக்குப் பின்னால் இருந்தவன் கடைசியாக நிறுத்தினான்.

"சிரிச்சாச்சா?" என்றாள் தோமெ.

ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. வேறு சத்தமில்லை.

"இப்ப கேளுங்க. அந்த எடது முட்டி நான் கட்னது. வலிச்சா எனக்குத் தெரியும். உங்க அல்லாரையும் அதுதான் தூக்கிகினு நிக்குது. ஒரு நாளாவது அதுங் காலாண்ட வந்து குந்திகினு பாத்தீங்களா? யாரும் வரல. நான்தான் இருந்தேன். இப்ப வய வுடுங்க. நான் ஏறிக்கிறேன்."

அதற்குப் பிறகு அவள் முட்டியைச் சரிசெய்துவிட்டு ஏணியில் ஏறுகிறாள், ஹகாரியோன் எழுகிறது, மொத்த எடையும் இடது முட்டியில் இறங்குகிறது, முட்டி நிற்கிறது. அங்கே கைதட்டல் வந்தது. எனக்குக் கைதட்டலைவிட அதற்கு முந்தைய அமைதிதான் நினைவிருக்கிறது. சிரிப்பவர்கள் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்று ஓர் அரங்கமே ஒன்றாகக் கண்டுகொண்ட அமைதி. இரண்டாவது வடிவத்தைப் போடுவதா என்று கேட்டபோது, வேண்டாம் என்று பல குரல்கள் வந்தன.

கேள்வி நேரத்தில் பவ்யா என்ற மாணவி எழுந்தாள். மன்றத்தின் செயலாளர். மைக்கை வாங்கிக்கொண்டு கொஞ்சம் தயங்கினாள்.

"மேடம், எங்க வீட்ல அம்மா இப்படித்தான் பேசுவாங்க. காலேஜ் வாசல் வரைக்கும் வந்தா நான் அவங்கள பேச விடமாட்டேன்." நிறுத்தினாள். "நீங்க எந்த ஊரு மேடம்?"

கோமளாக்கா எழுந்து நின்றார். மைக் முன்னால் அவர் பேசும் தமிழ் எனக்குத் தெரியும். அந்தத் தமிழ் வரப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

"இங்கதாம்மா. திருமுல்லவாயலு. எங்க நைனா, அவரோட நைனா, அல்லாரும் இங்கதான்" என்றார். பிறகு, "அடுத்த வாட்டி உங்கம்மாவ இட்டுகினு வா. நான் பேசிகினு இருக்கேன் அவங்களாண்ட."

ஒருவரும் சிரிக்கவில்லை. அரங்கத்தின் ஓரத்தில் நின்றிருந்த நடேசன் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் அந்தத் தொடருக்கு வசனம் எழுதியவள் என்று பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத பையனிடம் சொன்னேன். அவன் கேட்கவே இல்லை. நானாகச் சொன்னேன்.

8

மும்பையிலிருந்து சம்மதம் வந்தது. தொடர் வெளியானது. தோமெயின் தமிழை வைத்து இணையத்தில் சண்டைகளும் நடந்தன, கோவையிலிருந்து ஒருவர் பாதி புரியவில்லை என்று எழுத, இன்னொருவர் உங்களுக்குப் புரிந்த பாதியே போதும் என்று எழுதினார். இங்கே கதையை முடித்திருக்கலாம். ஆனால் கடைசிப் பாகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஹகாரியோனின் முடிவு தழுவலுக்குத் தழுவல் வேறு. படக்கதையில் போர் ஓய்ந்தபின் ரோபோ தனியாகக் கடலுக்குள் நடந்துபோகும், தோமெ கரையில் நிற்பாள். பழைய தொடரில் அந்தக் குண்டு மனிதனும் அழுதுகொண்டே அதோடு போய்விடுவான். புதுத் தொடர் இரண்டையும் சொல்லவில்லை. ரோபோவின் பாதத்தைக் கடல் தொடுகிறது. தோமெ நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு வார்த்தை பேசுகிறாள். திரை இருண்டுவிடுகிறது. ஜப்பானிய வார்த்தையில் யார் போகிறார்கள், யார் இருக்கிறார்கள் என்று இல்லையாம். அந்த மொழி அப்படி விட்டுவிட அனுமதிக்குமாம்.

தமிழ் அனுமதிக்காது என்று நினைத்தேன். இரண்டு வடிவம் எழுதி எடுத்துப்போனேன். ஒன்று, "வா, போலாம்." மற்றது, "நான் கெளம்பறேன்." ஏதாவதொன்றைத் தேர்ந்தெடுத்தால் முடிவை நாங்களே எழுதிவிட்டதாகிவிடும்.

கோமளாக்கா இரண்டையும் படித்துவிட்டுப் பென்சிலால் அடித்தார்.

"'வர்ட்டா?' அவ்ளோதான்" என்றார்.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. கிளம்புகிறவர்கள் வாசலில் சொல்வதும் அதுதான். கூட வரட்டுமா என்று கேட்கிறவர்கள் சொல்வதும் அதுதான்.

ஒரே தடவையில் பேசி முடித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நடேசன் சார் ஒலிபெருக்கியில் கேட்டார்: "கோமளா, இது போயிட்டு வரேன்னு சொல்றதா, கூட வரட்டுமான்னு கேக்கறதா?"

"அது அந்த மிசினுக்குத் தெரியும், சார்."

எனக்கும் ஓர் எண்ணம் இருக்கிறது, தோமெ கடலில் இறங்கினாளா, ஊர் திரும்பினாளா என்று. அதை எழுதிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. ஆனாலும் இங்கே சேர்க்கவில்லை. உங்கள் வீட்டில் எந்தத் தமிழ் பேசுவீர்களோ அதில் அந்த வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள். எந்தப் பக்கம் சாய்கிறதோ அதுதான் முடிவு.

[கோமளா: சத்தமா சொல்லச் சொல்லு. மனசுக்குள்ள சொன்னா தெரியாது.]